எங்கள் மைதானத்துக்கு வந்த டி.வி. காசு

டி.வி.க்காரர்கள் எங்கள் மைதானத்துக்கு வந்த முதல் நாள், முதலில் குறை சொன்னது நிழலைத்தான். மைதானத்தின் மேற்கு ஓரத்தில் ஏழெட்டுத் தூங்குமூஞ்சி மரங்கள் வரிசையாக நிற்கின்றன. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அவற்றின் நிழல் பாதி மைதானத்தை மூடிவிடும். அந்த நிழலை நம்பித்தான் நாங்கள் வருடக்கணக்காக நாலரை மணிக்கு ஆட்டம் வைத்துக்கொண்டிருந்தோம். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த அந்தத் தயாரிப்பாளர் தம்பி மரங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சார், பாதி வெயில் பாதி நிழல்னா கேமராவுக்கு ஆகாது. பந்து நிழலுக்குள்ள போனா காணாமப் போயிடும்" என்றார். பிறகு போனை எடுத்துப் புரட்டி, "எங்களுக்கு ஒன்றரையிலேருந்து மூணரை வரைக்கும்தான் ஸ்லாட் காலியா இருக்கு. அந்த நேரம் நிழலும் விழாது. ரெண்டும் பொருந்திப்போச்சு பாருங்க" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஆவடி வெயிலில், மத்தியானம் ஒன்றரை மணிக்கு, கட்டாந்தரையில் கால்பந்து ஆட நாங்கள் சம்மதித்தது இப்படிச் சிரித்துக்கொண்டுதான்.

நான் அந்தக் கிளப்பின் பொருளாளர். ராணுவ வண்டிகள் செய்யும் பெரிய தொழிற்சாலையில் மெஷினிஸ்ட். அப்பா தர்மபுரிப் பக்கத்திலிருந்து இதே தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர் என்பதால், குவார்ட்டர்ஸிலேயே பிறந்து குவார்ட்டர்ஸிலேயே கல்யாணமும் முடித்தவன். எங்கள் கிளப்பில் பாதிப்பேர் என்னைப் போலத் தொழிற்சாலை ஆட்கள். மீதிப்பேர் பருத்திப்பட்டு ஏரிக்கரையின் பழைய குடும்பத்துக்காரர்கள். நிலமெல்லாம் மனைகளாகிப் போன பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் கான்ட்ராக்ட் வேலை, ஆட்டோ, பெயிண்டிங் என்று கிடைத்ததைச் செய்பவர்கள். மைதானத்துக்குள் இறங்கிவிட்டால் இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது என்று நான் பரிசளிப்பு விழாக்களில் மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன். வெட்கமில்லாமல் பேசியிருக்கிறேன். வித்தியாசம் இருந்தது. எங்களுக்குக் காலில் அடிபட்டால் தொழிற்சாலை ஆஸ்பத்திரி உண்டு, சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அவர்களுக்கு அடிபட்டால் அன்றோடு கூலி நின்றுவிடும்.

அதற்காகத்தான் டப்பா இருந்தது. பழைய பிஸ்கட் டின், மூடியில் காசு போட நீளமாக ஒரு வெட்டு. 'அடிபட்டவன் டப்பா' என்று பெயர். இடைவேளை விசில் ஊதியதும் அது மைதானத்தின் ஓரமாக ஒரு சுற்று வரும். ஆடுகிறவன், பார்க்கிறவன், எதிரணிக்காரன், சுண்டல் விற்கிறவர், ரெஃப்ரி, எல்லாரும் போடுவார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று பார்க்கக் கூடாது. டப்பாவைத் தூக்கிப் போகிறவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். யாருக்கு அடிபட்டாலும், அவன் எதிரணியே ஆனாலும், எக்ஸ்ரேயிலிருந்து அவன் எழுந்து வேலைக்குப் போகிற வரைக்கும் வாராவாரம் வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து போகும். திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. நன்றி சொல்லவும் கூடாது. சொன்னால் ஒரு மாதத்துக்கு அவனைக் கிண்டலடித்தே ஓட்டிவிடுவார்கள். பூந்தமல்லி அணியின் கோல்கீப்பர் ஒருவனுக்கு எங்கள் மைதானத்தில் தோள்பட்டை எலும்பு முறிந்தது. இரண்டு மாதம் அவன் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வருடம் வந்து எங்கள் பெனால்டியைப் பிடித்து எங்களைத் தோற்கடித்துவிட்டுப் போனான். அன்றைக்கு அவனுக்குக் கைதட்டிய கூட்டத்தில் நானும் ஒருவன்.

எங்களுடையது எட்டு கிளப்புகள் சேர்ந்து நடத்தும் சின்ன லீக். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, அவ்வளவுதான் எல்லை. கேபிளிலும் போனிலும் ஓடுகிற ஒரு விளையாட்டுச் சேனல் எங்களைத் தேடி ஏன் வந்தது என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. மத்தியானத்தை நிரப்ப அவர்களுக்கு ஏதாவது ஓட வேண்டும். நாங்கள் மலிவு. அப்போது எங்களுக்குத் தோன்றியது வேறு: நம் ஆட்டத்தின் அருமை உலகத்துக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தோம். வருடா வருடம் சீசன் தொடங்கும்போது ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு தொகை. அந்தத் தொகையை முதன்முதலில் கேட்டபோது எங்கள் செயலாளர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

செயலாளர் எனக்கு மூத்தவர், திருநெல்வேலிக்காரர், தொழிற்சாலையில் பெயிண்ட் ஷாப் சார்ஜ்மேன். நல்ல மனிதர்தான். ஆனால் எங்கள் தொழிற்சாலை ஆட்களுக்கே உரிய ஒரு வியாதி அவருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. லெட்டர்ஹெட், ரெஃபரன்ஸ் நம்பர், பச்சை மையில் கையெழுத்து, பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்ப், இந்த நாலும் ஒரு தாளில் இருந்துவிட்டால் அது எங்களுக்கு ஆர்டர். ஆர்டர் வந்துவிட்டால் ரிட்டயர்மென்ட் வரைக்கும் கவலையில்லை. தனியார் கம்பெனியில் ஒரே ஒரு வருடம் குப்பை கொட்டியவன்கூட அந்த ஒப்பந்தத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பான். நாங்கள் அதற்கு லேமினேஷன் போட்டோம்.

பத்துப் பதினைந்து பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். முதல் பக்கத்தில் தொகை இருந்தது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் இடம் இருந்தது. நடுவில் இருந்ததை நான் படிக்கவில்லை. பொருளாளர் என்ற முறையில் எல்லாப் பக்கத்தின் அடியிலும் சுருக்கொப்பம் போட்டேன்.

அதற்குப் பிறகு கூடிய கமிட்டியில்தான் டப்பா விஷயம் வந்தது. ஒத்திகைக்காக ஒரு ஆட்டத்தைப் படம்பிடித்துப் பார்த்த தயாரிப்பாளர், செயலாளரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். "இடைவேளையில ஒருத்தர் டின்னைக் குலுக்கிட்டுப் போறாரே, அது விஷுவலா பார்க்கும்போது பிச்சை எடுக்கற மாதிரி தெரியுது சார். ஸ்பான்சர்ஸ் முகம் சுளிப்பாங்க."

செயலாளர் இதைச் சபையில் சொன்னபோது யாருக்கும் கோபம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. கூச்சம்தான் வந்தது. இத்தனை வருடம் நாம் பிச்சைதான் எடுத்துக்கொண்டிருந்தோமோ என்று ஒரு கூச்சம். கமிட்டியில் ஒரு இளைஞர், அக்கவுன்ட்ஸ் பிரிவு கிளார்க், வெளிநாட்டுக் கிளப்புகளின் கதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவர், உற்சாகமாக எழுந்தார். "உலகம் பூரா கிளப்பு ஓடறது டி.வி. காசுலதான் சார். டிக்கெட் விக்கிற காசு புல்லு வெட்டக்கூடக் காணாது. நாம மட்டும் இன்னும் டப்பா தூக்கணுமா?" என்று கேட்டார். அதே வெளிநாட்டில், டி.வி. காசு வரும் என்று நம்பி ஆட்களுக்கு அள்ளிக் கொடுத்து, ஒரு வருடம் கீழ் டிவிஷனுக்கு இறங்கியதும் பஸ் முதல் பெஞ்சு வரை விற்றுத் தின்ற கிளப்புகளும் இருந்தன. அவர் அதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

"இதுல யோசிக்க என்னவே இருக்கு? அடிபட்டா கிளப்பு அக்கவுன்ட்லேருந்து செக்கா கொடுத்துட்டுப் போவோம். கை தூக்குங்க" என்றார் செயலாளர்.

முதலில் கை தூக்கியவன் நான். பொருளாளர் என்பதால் எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் தூக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த டப்பாவைச் சுமந்து சுமந்து சலித்துப்போயிருந்ததும் உண்மை. செக்புக்கை மடியில் வைத்துக்கொண்டு விருந்தினர் வரிசையில் உட்கார்வது எப்படியிருக்கும் என்று மனதுக்குள் பார்த்துவிட்டேன்.

கை தூக்காமல் சுவரில் சாய்ந்து நின்றவன் எங்கள் லெஃப்ட் பேக், இடது ஓரத்தில் தடுத்து ஆடுகிறவன். முப்பது தாண்டியவன், பருத்திப்பட்டுக்காரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டுகிறான். எட்டு மணி நேரம் இடது காலை ஊன்றி நின்றுகொண்டு வலது காலால் பெடலை மிதிக்க வேண்டும்; ஒரு மிதிக்கு ஒரு வாஷர். கான்ட்ராக்டர் கணக்கில் ஆள், கம்பெனிக் கணக்கில் ஆள் இல்லை. ஆஸ்பத்திரி கார்டு கிடையாது. வீட்டில் மனைவியும் இரண்டாவது படிக்கிற மகளும்.

"இன்னா அண்ணாத்தே, டப்பா இன்னா பண்ச்சு உங்கள? அது பாட்டுக்குக் கீது, இது பாட்டுக்கு வர்ட்டுமே" என்றான் என்னைப் பார்த்து.

யாரோ, "டேய், இனிமே நீ டி.வி. ஸ்டாரு, முதல்ல போய் ஷேவ் பண்ணு" என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான். கமிட்டி முடிந்தது.

முதல் சீசன் காசு வந்தது. எப்படிப் போனது என்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லச் சொல்ல எனக்கே அருவருப்பாக இருந்தாலும். பெரிய ஃப்ளெக்ஸ் வளைவு ஒன்று வைத்தோம். அதில் செயலாளர் படம், என் படம், ஆட்டக்காரர்கள் படம் தபால்தலை அளவில் கீழே. சிறப்பு விருந்தினர்களுக்குச் சால்வை. அவர்கள் உட்கார ஷாமியானா, ஷாமியானாவுக்குள் தண்ணீர் ஊற்றும் கூலர். மைதானத்தில் ஒரு கைப்பிடி செம்மண்கூடக் கொட்டவில்லை. கல்லைப் பொறுக்கக்கூட ஆள் வைக்கவில்லை. இவ்வளவும் சில்லறை. மொத்தமும் போனது வெளி ஆட்களுக்கு. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி இரண்டு பேரைக் கொண்டுவந்தோம். நன்றாகத்தான் ஆடினார்கள். ஆனால் எங்களுக்கு வந்த அதே காசு மற்ற ஏழு கிளப்புக்கும் வந்திருந்தது. அடுத்த மாதமே அம்பத்தூர் கிளப் ஒன்று அதே இரண்டு பேருக்கு எங்களைவிட அதிகம் தருகிறோம் என்றது. நாங்கள் ஏற்றினோம். அவர்கள் ஏற்றினார்கள். ஆட்டம் அப்படியேதான் இருந்தது, ஆட்களும் அதே ஆட்கள்தான், விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. சீசன் முடியும்போது எட்டு கிளப்பிலும் ஒரு பைசா மிச்சமில்லை. டப்பா வைத்திருந்த காலத்தில் எங்களிடம் எப்போதும் கொஞ்சமாவது இருக்கும்.

இரண்டாவது சீசனுக்கு இன்னும் புத்திசாலித்தனம் செய்தோம். வரப்போகிற காசை நம்பி முன்கூட்டியே மூன்று பேருக்கு வாக்குக் கொடுத்தோம். ஆர்டர் இருக்கிறதே, லேமினேஷன் போட்டு மாட்டியிருக்கிறதே, பிறகென்ன?

நானும் சும்மா சொல்லக் கூடாது, அனுபவித்தேன். ஷாமியானாவில் கூலருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. கேமரா விருந்தினர் பக்கம் திரும்பும்போதெல்லாம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வேன். என் மனைவி அதை டி.வி.யிலிருந்து போனில் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினாள். பார்க்க வருகிற கூட்டம் குறைந்துகொண்டே போனதை நான் கவனித்தேன், கவலைப்படவில்லை. ஒன்றரை மணி வெயிலில் யார் வந்து நிற்பார்கள்? வீட்டில் ஃபேன் அடியில் படுத்துக்கொண்டு போனில் பார்த்தார்கள். சுண்டல்காரர் வருவதை நிறுத்திவிட்டார். கோல் விழுந்தால் ஷாமியானாவிலிருந்து பத்துப்பேர் கைதட்டுகிற சத்தம் கேட்கும். டி.வி.யில் மட்டும் ஆயிரம் பேர் கத்துகிற சத்தம் சேர்த்துப் போட்டார்கள்.

இரண்டாவது சீசனில், பூந்தமல்லி அணியோடு ஆட்டம். எங்கள் லெஃப்ட் பேக் காலை ஷிப்ட்டில் பாதியோடு லீவு சொல்லிவிட்டு, எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து நேரே வந்திருந்தான். நாலு மணி நேரம் அந்த இடது காலில் நின்றுவிட்டு வந்தவன். தரை அடுப்புக்கல்லாகச் சுட்டது. இரண்டாவது பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவன் ஓடுவது கோணலாக இருப்பதைப் பார்த்தேன். தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஷாமியானா பக்கம் திரும்பி, செயலாளரைத் தேடி, அவர் எழுந்து போயிருந்ததால் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி, ஆளை மாற்று என்று சைகை காட்டினான்.

மாற்று ஆட்டக்காரன் பூட்ஸ் கட்டித் தயாராகத்தான் இருந்தான். ஆனால் ஒப்பந்தப்படி ஆள் மாற்றுவதற்கு ஓரத்தில் காதில் கருவி மாட்டி நிற்கும் சேனல்காரப் பையன் தலையாட்ட வேண்டும். ஆள் மாற்றும் நேரத்தில் அவர்கள் ஒரு விளம்பரம் ஓட்டுவார்கள். அந்த விளம்பரம் இன்னும் தயாராகவில்லை போலிருக்கிறது. "ஒரு ரெண்டு நிமிஷம் சார், ரெண்டே நிமிஷம்" என்றான் அந்தப் பையன் என்னிடம். சரி என்று தலையாட்டினேன். பிறகு மைதானத்தைப் பார்த்து என் உள்ளங்கையைக் காட்டினேன். பொறு, என்று.

அவன் பொறுத்தான். அந்த இரண்டு நிமிடத்துக்குள் ஒரு பந்து அவன் பக்கம் வந்தது. திரும்பினான். உடம்பு திரும்பியது, ஊன்றிய கால் கல்லில் மாட்டி அப்படியே நின்றது. அவன் போட்ட சத்தத்தில் எதிரணிக்காரர்கள் நாலு பேர் பந்தை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

நானும் ஓடினேன். தூக்கிக்கொண்டு வந்து ஷாமியானாவில் கிடத்தும்போது அங்கே வைத்திருந்த டி.வி.யில் அவன் மறுபடி விழுந்துகொண்டிருந்தான். மெதுவாக. முட்டி எந்த இடத்தில் விலகியது என்று அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள். கீழே ஸ்பான்சர் பெயர் ஓடியது. அது ஒரு மூட்டுவலித் தைலம். மூன்று தடவை காட்டினார்கள். மூன்றாவது தடவை அவன் கண்ணைத் திறந்து, வலியோடே, "அத்த நிறுத்தச் சொல்லு அண்ணாத்தே" என்றான். நான் ரிமோட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. கடைசியில் ப்ளக்கைப் பிடுங்கினேன். கூலரும் சேர்ந்து நின்றுபோனது. ஒரு விருந்தினர் என்னை முறைத்தார்.

ஸ்கேன் எடுத்ததில் தசைநார் முழுசாக அறுந்திருப்பது தெரிந்தது. ஸ்கேனுக்கு என் பாங்க் கார்டைத் தேய்த்தேன். ஆபரேஷன் செய்தால் சரியாகும், பெரிய ஆஸ்பத்திரியில் இலவசம்தான், ஆனால் வரிசையில் பெயர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். செய்த பிறகும் பல மாதம் பிரஸ்ஸில் நிற்க முடியாது. அவன் மனைவி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "கிளப்புல வாராவாரம் குடுப்பீங்களேண்ணா, அது இந்த வாரமே வருமா?"

வரும் என்று சொல்லிவிட்டு நேரே செயலாளரிடம் போனேன். கிளப் அக்கவுன்ட்டில் பாங்க் பிடித்தம் போக எதுவுமில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வெளி ஆட்கள் மூவருக்குக் கொடுத்ததோடு சரி. "ஒப்பந்தத்துல மெடிக்கல் இல்லாமலா இருக்கும்? படிச்சுப் பாரும்வே" என்றார். கிளப் அறைச் சுவரில் மாட்டியிருந்த லேமினேஷனில் முதல் பக்கம் மட்டும்தான் இருந்தது. பீரோவிலிருந்து மீதியை எடுத்து, வீட்டில் என் மகளை உட்கார வைத்து, அகராதியும் போனுமாக அன்றைக்குத்தான் படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. ஆட்டக்காரர்களுக்கு ஏற்படும் காயம் எதுவானாலும் அது கிளப்பின் பொறுப்பு. அதற்கு அடுத்த வரியில், வருடா வருடம் மறுபரிசீலனை, காரணம் சொல்லாமல் சேனல் விலகிக்கொள்ளலாம். அடியில் என் சுருக்கொப்பம், அழகாக, இரண்டு புள்ளி வைத்து.

தயாரிப்பாளருக்குப் போன் செய்தேன். "ரொம்ப ஃபீல் பண்றோம் சார். ஆனா அது உங்க சைடு" என்றார். அடுத்த சீசன் பணத்தில் கொஞ்சம் முன்பணம் என்று இழுத்தேன். "அடுத்த சீசனா? அதையே இன்னும் முடிவு பண்ணல சார். மத்தியானத்துக்கு சமையல் போட்டி ஒண்ணு பேசிட்டிருக்கோம்" என்றார். குரலில் ஒரு உறுத்தல்கூட இல்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. எல்லாம் ஒன்பதாம் பக்கத்தில் அச்சடித்தே கொடுத்திருந்தார்.

மறுநாள் ஷிப்ட் விடுகிற நேரத்தில் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். கையில் ஒரு துணிப்பை. வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன், நம் லெஃப்ட் பேக்குக்கு முட்டி போய்விட்டது, முடிந்ததைப் போடுங்கள் என்று. இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டப்பாவில் போட்டவர்கள் அவர்கள். நின்று கேட்டார்கள். அடடா என்றார்கள். பிறகு என் தோளில் தட்டி, "அதான் டி.வி. காசு வருதே, எங்ககிட்ட எதுக்கு?" என்றார்கள். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்கள். ஒருவர், "உன்னையே நாலு தடவை டி.வி.யில பார்த்தேன், சும்மா ஜம்முனு உக்காந்திருந்த" என்று வேறு சொன்னார். டி.வி.யில் தெரிகிறவனிடம் காசு இல்லை என்றால் யார் நம்புவார்கள்? பையில் விழுந்தது ஒரு வாரத்துக்கு அரிசி வாங்கக் காணாது. இரண்டு வருடம் கேட்காமல் விட்டதில் கொடுக்கிற பழக்கமே போய்விட்டிருந்தது. அதை நிறுத்தியவன் நான்தான்.

என் சேமிப்பிலிருந்து எடுத்து ஒரு கவரில் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கவரை வாங்கவில்லை.

"டப்பாலேர்ந்தா?" என்றான்.

"இல்லப்பா. நான்தான்..."

"அப்போ வாணாம் அண்ணாத்தே. டப்பா காசுன்னா நான் போட்டதும் அதுல கீது. இது உன் காசு. நாளைக்கு ரோட்டுல உன்னைப் பாத்தா நான் தலை குனியணும்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவன் மனைவி கவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் அவளைத் திரும்பிப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அந்த வாரம்தான் கான்ட்ராக்டர் அவன் இடத்தில் வேறு ஆள் போட்டிருந்தார். அடுத்த வாரம் அவள் அதே எஸ்டேட்டில் ஒரு பேக்கிங் யூனிட்டுக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

சீசன் முடிந்தது. சேனலிலிருந்து கடிதம் வந்தது. அதே லெட்டர்ஹெட், அதே பச்சை மை. லீக் ஒளிபரப்பைத் தொடர்வதற்கில்லை. வாக்குக் கொடுத்திருந்த வெளி ஆட்கள் செயலாளர் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டார்கள். எட்டில் மூன்று கிளப்புகள் மூடிவிட்டன. செயலாளர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, இந்த ஊர்க்காரர்களுக்கு நன்றியில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அதைக் கேட்டு எனக்கு அவர் மேலும் என் மேலும் சேர்ந்தே வெறுப்பு வந்தது.

அதற்கு ஒரு மாதம் கழித்து லெஃப்ட் பேக் போன் செய்தான். ஆபரேஷன் தேதி இன்னும் வரவில்லை. "ஊட்டாண்ட கொஞ்சம் வா அண்ணாத்தே, இங்கிலீஸ்ல இன்னாவோ பேப்பர் குடுத்துட்டுப் போய்கீறானுங்க" என்றான்.

போனேன். சேனலின் தாள்தான். அவர்கள் தங்கள் சேனலுக்கு ஒரு விளம்பரப் படம் செய்கிறார்கள். மண்ணின் மைந்தர்கள், வியர்வை, வெறி, இப்படி ஏதோ. எங்கள் லீக்கில் எடுத்த அத்தனை ஆட்டத்திலும் ஆட்கள் போனில் திருப்பித் திருப்பிப் பார்த்தது அவன் விழுந்த அந்தக் காட்சியைத்தானாம். அதைப் படத்தில் சேர்த்துக்கொள்ள அவனுடைய சம்மதம் வேண்டும். சம்மதித்தால் ஒரு சின்னத் தொகை. லீக் வேண்டாம், மைதானம் வேண்டாம், எங்களில் ஒருவரும் வேண்டாம். அவன் முட்டி விலகுகிற அந்த ஒரு நொடி மட்டும் வேண்டும். இந்தத் தடவை ஒவ்வொரு வரியாகப் படித்தேன், தமிழில் சொன்னேன், ஒன்றையும் விடவில்லை.

"கிழிச்சுப் போடுடா. எவ்வளவு திமிர் இருந்தா இதக் கேட்பானுங்க?" என்றேன்.

அவன் தாளை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டான். "எவ்ளோ போட்டுக்கீது?"

சொன்னேன்.

"ரெண்டு மாச வாடகை" என்றான். மகளின் நோட்டுப் பக்கத்தில் கிடந்த பேனாவை எட்டி எடுத்தான். "ரெண்டு வருசமா டி.வி. காசு, டி.வி. காசுன்னு பேசிக்கினு கீறோம். இத்தான் அண்ணாத்தே என் ஊட்டுக்கு வர்ற மொத காசு."

கையெழுத்துப் போட்டான். அதற்குக் கீழே சாட்சி என்று ஒரு கோடு இருந்தது. அங்கே விரலை வைத்து, பேனாவை என்னிடம் நீட்டினான். நான் வாங்கி, என் முழுப் பெயரையும் எழுதினேன்.